கோலத்தில் பட்ட முதல் கால்: குற்றக் கதை எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும்

குற்றக் கதை, மர்மக் கதை எழுதுவது பற்றியும் படிப்பது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஒன்பது அத்தியாயம் எழுதிவிட்டேன். கொலை செய்தது யார் என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை. எழுத எழுதத் தானாகத் தெரியவரும் என்கிறார் நண்பர். அப்படியே போகலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பத்தாவது அத்தியாயத்தைத் தொடாதீர்கள். முதலில் கொலையாளியை முடிவு செய்யுங்கள். காரணம் இதுதான்: புதிர்க் கதையில் குற்றவாளி பேசும் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு அர்த்தம் வேண்டும். முதல் வாசிப்பில் ஒன்று, முடிவு தெரிந்து திரும்பப் படிக்கும்போது இன்னொன்று. அவன்தான் குற்றவாளி என்று தெரியாமல் நீங்கள் எழுதிய வசனத்துக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கும். பிறகு பின்னால் போய்த் துப்புகளைச் செருகினால் ஒட்டுப்போட்டது போலத் துருத்திக்கொண்டு நிற்கும்.

முடிவு தெரியாமல் எழுதியவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜிய நாவலாசிரியர் ஜார்ஜ் சிமெனோன் ஒரு பழுப்பு உறையின் மேல் பாத்திரங்களின் பெயர், வயது, முகவரி, குடும்பம் இவற்றை மட்டும் குறித்துக்கொண்டு நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதினார். பெயர்களைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுப்பார். ஆனால் அவர் நாவல்களில் நம்மை இழுப்பது மனிதர்கள். கடிகாரம், சாவி, பூட்டிய கதவு என்று கட்டும் கதைக்கு அந்த வழி ஒத்துவராது. ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் குறிப்பேடுகள் 73 கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரே கதைக்கு அ, ஆ, இ என்று மாற்று வழிகளை எழுதி, அடித்து, மறுபடி எழுதிப் பார்த்திருக்கிறார். தடுமாற்றமெல்லாம் குறிப்பேட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு நீள நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் 'நடந்தது', வலப்பக்கம் 'தெரிந்தது'. ஒரு மாதிரி தருகிறோம். மார்கழி மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீடு. வட்டிக்குக் கொடுத்து வாங்கும் பெரியவர் தனியாக வசிக்கிறார். கொல்வது அண்ணன் மகன்.

இடப்பக்கம் இப்படி இருக்கும். இரவு 9.40: அண்ணன் மகன் கொல்லைப்புறமாக உள்ளே வருகிறான். 11.15: கொலை. அதன் பிறகு விடிய விடியப் பத்திரங்களைத் தேடுகிறான். அதிகாலை 4 மணி: மார்கழி என்பதால் முன்தெருவிலும் பின்சந்திலும் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடுகிறது, இனி வெளியே போனால் யார் கண்ணிலாவது படுவான். 5.30: வேலை செய்யும் அம்மாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். 6.25: தானே சடலத்தைக் கண்டெடுத்தவனாகிவிடலாம் என்று அவன் முடிவு செய்து, உள்ளிருந்தபடியே போலீஸுக்குப் போன் செய்கிறான்.

வலப்பக்கம் ஒரே வரி: 'முதல் பஸ்ஸில் வந்தேன், ஆறேகாலுக்கு வாசல் கதவைத் தள்ளினேன், திறந்திருந்தது.'

இடப்பக்கத்தில் ஒரு மணி நேரம் காலியாக இருந்தாலும் அங்கே உங்கள் கதையில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். 'அவன் ஏன் இரவே ஓடிப்போகவில்லை?' என்ற கேள்விக்கு அந்தக் கட்டத்தில் பதில் இருக்க வேண்டும். மேலே பத்திரத் தேடலும் மார்கழி நடமாட்டமும் அந்தப் பதிலைத் தருகின்றன.

துப்பை வாசகர் கண்ணில் காட்டவும் வேண்டும், அவர் கவனிக்கவும் கூடாது என்கிறார்கள். எப்படி?
– வாசகி, கும்பகோணம், வாசகர், ஈரோடு, இன்னும் சிலர்

மேலே சொன்ன கதையையே எடுத்துக்கொள்வோம். துப்பு என்ன? வாசலை அடைத்துப் போட்ட கோலம். 5.30-க்குப் போட்ட கோலம் போலீஸ் வரும்வரை கலையவில்லை என்றால், ஆறேகாலுக்கு வாசல் வழியாக வந்ததாகச் சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

இதை 'கோலம் கலையாமல் இருந்தது' என்று எழுதினால் வாசகர் அங்கேயே பிடித்துவிடுவார். எழுதாமலே விட்டால் ஏமாற்று. இப்படி எழுதிப் பாருங்கள்:

'ஏட்டு பூட்ஸ் காலை வைத்ததும் கோலத்தின் ஓரம் தேய்ந்தது. அடுத்த வீட்டுப் படியில் நின்றிருந்த அம்மாள் பதறிப்போய், "ஐயோ, முதல் கால் பட்டதே பூட்ஸ் காலா இருக்கே! இருபத்தொரு புள்ளி வச்சுப் போட்டது" என்றார். இன்ஸ்பெக்டர் அவரை உற்றுப் பார்த்தார். உள்ளே பெரியவர் செத்துக்கிடக்கிறார், இந்த அம்மாளுக்குக் கோலம் பற்றிய கவலை.'

'முதல் கால்' என்பதுதான் துப்பு. அது அந்த அம்மாளின் குணமாக வாசகர் மனதில் பதிகிறது. இன்ஸ்பெக்டரின் பார்வை வாசகரை இன்னும் தள்ளிக்கொண்டு போகிறது, 'இந்த அம்மாள் மேல் சந்தேகமோ?' என்று. ஒரு பொருளுக்குக் கதையில் இன்னொரு வேலை கொடுத்துவிட்டால் அதன் உண்மையான வேலை மறைந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு: நாலைந்து பொருள்களின் பட்டியலில் துப்பை நடுவில் வைத்து, கடைசிப் பொருளில் சிறிது நேரம் நில்லுங்கள். படிக்கிறவர் மனம் கடைசியில் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இடைவெளியும் முக்கியம். கோலம் 12-ஆம் பக்கத்தில் வந்தால், 'வாசல் வழியாக வந்தேன்' என்ற வாக்குமூலம் 30-ஆம் பக்கம் போல வரட்டும். இரண்டும் ஒரே அத்தியாயத்தில் வந்தால் பொருந்திவிடும்.

அடுத்து, துப்பை உடைக்கக்கூடிய எதிர்க்கேள்விகளை நீங்களே எழுப்பி அடைத்துவிட வேண்டும். தாண்டிக் குதித்து வந்திருக்கலாமே? கோலம் தெரு அகலத்துக்கு நீண்டு, படியும் உயரமாக இருக்கட்டும். கையில் பெரிய பெட்டியோடு வந்ததாக அவனே சொல்லட்டும். கொல்லைப்புறமாக வந்திருக்கலாமே? அங்கே உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததை ஏட்டு பார்த்துக் குறித்திருக்க வேண்டும். கூட்டம் சேர்ந்து மிதித்திருக்குமே? அவன் வாய்விட்டுக் கத்தாமல் போன் மட்டும் செய்ததால் அக்கம்பக்கத்துக்கு ஜீப் வந்த பிறகுதான் விஷயம் தெரியும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் வாசகர் கடிதம் எழுதுவார், அவர் எழுதுவதில் நியாயமும் இருக்கும்.

சந்தேகத்துக்குரியவர்கள் எத்தனை பேர் இருக்கலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

நாலிலிருந்து ஆறு பேர். மூன்று பேர் என்றால் குருட்டாம்போக்கில் சொன்னாலும் பிடித்துவிடலாம். ஏழுக்கு மேல் போனால் யார் யார் என்று பார்க்கப் பக்கத்தைப் பின்னால் புரட்ட வேண்டிவரும். கமலா, கல்யாணி, கனகா என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். வேகமாகப் படிக்கிறவர் முதல் எழுத்தையும் பெயரின் நீளத்தையும் வைத்துத்தான் ஆளை நினைவில் வைக்கிறார்.

என் கதையில் டாக்டர் சடலத்தைப் பார்த்தவுடன் 'இரவு 11.10-க்கு உயிர் போயிருக்கிறது' என்கிறார். மருத்துவம் படிக்கும் உறவினர் சிரிக்கிறார்.
– வாசகி, மதுரை

நிமிடக் கணக்கில் எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். சில மணி நேர வரம்பைத்தான் சொல்வார். அதற்கு அவர் பார்ப்பவை மூன்று.

ஒன்று, உடல் விறைப்பு. நம் ஊர்ச் சூட்டில் இறந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இமை, தாடைப் பக்கம் தொடங்கிக் கீழே இறங்கும். கோடையில் 18 முதல் 36 மணி நேரம், குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரம் இருந்துவிட்டுத் தளரும். ஐரோப்பிய நாவல்களில் வரும் கணக்கை அப்படியே எடுத்தால் இங்கே தவறும். இரண்டு, ரத்தம் கீழ்ப்பக்கம் தங்கி ஏற்படும் ஊதா நிறத் திட்டு. சுமார் 6 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். மல்லாந்து கிடக்கும் சடலத்தின் மார்பில் அந்தத் திட்டு நிலைத்திருந்தால், நெடுநேரம் குப்புறக் கிடந்ததை யாரோ பிறகு புரட்டியிருக்கிறார்கள். கதைக்கு இது நல்ல சரக்கு. மூன்று, உடல் குளிர்வது. மே மாத மதுரையில் அறையின் சூடும் உடம்பின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

ஸ்ரீரங்கத்துப் பெரியவரைக் காலை ஏழரைக்குப் பார்க்கும் டாக்டர், 'ராத்திரி ஒன்பதுக்கு மேல ரெண்டுக்குள்ள இருக்கலாம்' என்று சொல்வது நம்பும்படி இருக்கும். கதைக்கும் அதுதான் வசதி. ஐந்து மணி நேரத்துக்குள் எத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்று விசாரிக்க இடம் கிடைக்கிறது.

இன்னும் இரண்டு. கொலை என்று சந்தேகப்படும் சடலத்துக்குப் பொதுவாக இரவில் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று மத்திய அரசு 2021-இல் அனுமதித்தபோதும், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் தவிர, கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களுக்கு விலக்கு வைத்தது. நள்ளிரவில் அறுத்துப் பார்த்து ஒரு மணிக்கு அறிக்கை தரும் காட்சியை எடுத்துவிடுங்கள். அடுத்தது, விஷம் என்று சந்தேகம் வந்தால் இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகத்தின் பகுதிகளைச் சாதாரண உப்பின் அடர்கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஃபார்மலினில் போட்டால் விஷத்தைக் கண்டுபிடிப்பது சிக்கலாகிவிடும். யாரோ தெரிந்தே ஃபார்மலினில் போட்டால்? அதில் ஒரு கதை இருக்கிறது.

மயக்க மருந்துக் கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் மயங்கி விழுகிறார்களே, உண்மையா?
– வாசகர், வேலூர்

இல்லை. குளோரோஃபார்ம் மயக்கம் வரப் பல நிமிடங்கள் தொடர்ந்து முகர வைக்க வேண்டும். அதற்குள் அந்த ஆள் திமிறித் தெருவைக் கூட்டிவிடுவார்.

போலீஸ் நடைமுறையில் எங்களைப் போன்றவர்கள் அதிகம் தவறுவது எங்கே? புதுச் சட்டங்கள் வந்த பிறகு பழைய பிரிவு எண்களைப் போடலாமா?
– வாசகர், சேலம், வாசகி, சென்னை

முதலில் எண்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் இவற்றுக்குப் பதிலாக முறையே பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன. கொலைக்கான தண்டனை 302 என்று இருந்தது இப்போது 103. முதல் தகவல் அறிக்கைக்கு 154-க்குப் பதில் 173. சந்தேக மரண விசாரணைக்கு 174-க்குப் பதில் 194. உங்கள் கதையில் குற்றம் நடந்த தேதி எது என்று பாருங்கள். 2024 ஜூன் 30 வரை நடந்த கொலை என்றால் வழக்கு இன்று நடந்தாலும் 302தான். தேதியே சொல்லாத கதையில் எண்ணையும் சொல்லாமல் விடுவது நல்லது.

தவறுகளில் பெரியது, கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிந்துவிடுவது. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. புதுச் சாட்சியச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு, பழையதில் 25, 26. ஆனால் அவன் சொன்னதைக் கேட்டுப் போய் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். ஆகவே 'அம்மிக் குழவியைக் கொல்லைக் கிணற்றில் போட்டேன்' என்று அவன் சொல்லி, சாட்சிகள் முன்னால் கிணற்றிலிருந்து குழவி வெளியே வந்து, மகஜரில், அதாவது கண்டெடுத்ததைப் பதியும் போலீஸ் குறிப்பில், அவர்கள் கையெழுத்துப் போடும் காட்சி வேண்டும். இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் தர வேண்டும்.

கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். மூன்று அத்தியாயம் முழுக்க ஸ்டேஷனிலேயே வைத்து விசாரித்தால் அது சட்டவிரோதக் காவல். அப்படித்தான் கதை என்றால் அதன் விளைவையும் எழுதுங்கள். ஆயுள் தண்டனைக்கு உரிய வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் குற்றவாளிக்கு ஜாமீன் உரிமை வந்துவிடுகிறது. எழுத்தாளர்கள் அதிகம் தொடாத கெடிகாரம் இது. 86-ஆவது நாளில் தொடங்கும் ஒரு நாவலைக் கற்பனை செய்து பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம்: முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் வீட்டுக்கோ நீதிமன்றத்துக்கோ போய்ச் சேர்ந்த நேரத்தை அவர் அதில் குறித்துக் கையெழுத்திடுவார். ஸ்டேஷனில் காலை 7.30 என்று பதிவான அறிக்கை மாலை 5 மணிக்குத்தான் போயிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். 'நடுவில் உட்கார்ந்து ஜோடித்திருக்கிறீர்கள்' என்பார். சுஜாதாவின் கணேஷ்–வசந்த் மாதிரி வக்கீலைத் துப்பறிய வைக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான துப்பு கிடைக்காது.

செல்போனும் சி.சி.டி.வி.யும் வந்த பிறகு மர்மம் எங்கே மிச்சம் இருக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

நிறைய இருக்கிறது. அழைப்பு விவரப் பட்டியல் காட்டுவது எந்தக் கோபுரத்தோடு போன் தொடர்பில் இருந்தது என்பதைத்தான். நகரத்தில் அது சில நூறு மீட்டர், கிராமத்தில் சில கிலோமீட்டர். 'அந்த வீட்டு மாடியில் இருந்தான்' என்று கோபுரம் சொல்லாது. போன் அங்கே இருந்தது என்பதும் ஆள் அங்கே இருந்தார் என்பதும் ஒன்றாகிவிடாது.

கேமரா பதிவு பல கடைகளில் 15 முதல் 30 நாளில் தானாக அழிந்து மேலே புதியது பதிவாகிவிடும். ஹார்டு டிஸ்க்கின் அளவைப் பொறுத்தது. எனவே சடலம் நாற்பது நாள் கழித்துக் கிடைக்கிற கதையில் கேமரா பற்றிக் கவலை வேண்டாம். அதைவிட அழகான விஷயம், பதிவுப் பெட்டியின் கடிகாரம். இணையத்தோடு இணைக்காத பெட்டியில் அது சில நிமிடங்கள் முந்தியோ பிந்தியோ ஓடும். விசாரணை அதிகாரி சரியான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறிக்க வேண்டும். குறிக்க மறந்தால் பதினொரு நிமிடம் காணாமல் போகும். ஒரு நிரபராதி மாட்டிக்கொள்ள அந்தப் பதினொரு நிமிடம் போதும்.

விஷம் பற்றி எவ்வளவு விவரம் எழுதலாம்?
– வாசகி, நாகர்கோவில்

அறிகுறிகளையும் அது எப்படிப் பிடிபட்டது என்பதையும் தாராளமாக எழுதுங்கள். எங்கே வாங்குவது, எவ்வளவு கலப்பது என்பவை கதைக்குத் தேவையே இல்லை. படிக்கிறவருக்கு அங்கே சுவாரசியமும் இல்லை.

கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர். 1920-இல் வந்த முதல் நாவலிலேயே அந்த அறிவு பயன்பட்டது. மருந்தாளர்களின் பத்திரிகை ஒன்று அதைப் பாராட்டி மதிப்புரை எழுதியது. 1961-இல் வந்த நாவலில் தாலியம் நஞ்சின் அறிகுறிகளை, முடி கொட்டுவது உட்பட, துல்லியமாக எழுதியிருந்தார். 1977-இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் அறிகுறிகளை அடையாளம் கண்டு சொன்னார். குழந்தை பிழைத்தது. சரியாக எழுதிய அறிகுறி இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

வயது 52. வங்கி வேலை. தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். இப்போது தொடங்கி நாவல் முடிக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

முடியும். அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 44 வயதில் எண்ணெய் நிறுவன வேலையை இழந்த பிறகுதான் குற்றக் கதை எழுதப் பழகினார். முதல் சிறுகதைக்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். அது 1933 டிசம்பரில் வந்தது. முதல் நாவல் 1939-இல், ஐம்பது வயதில். ஆங்கில எழுத்தாளர் பி.டி. ஜேம்ஸ் மருத்துவமனை நிர்வாக வேலைக்குப் போவதற்கு முன் விடியற்காலையில் எழுதினார். முதல் நாவல் 42 வயதில்.

ஒரு மணி நேரத்தில் 500 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஆறு நாள் என்றால் 3,000. ஐம்பதாயிரம் சொல்லுக்குப் பதினேழு வாரம். திருத்துவதற்கு அதே அளவு காலம். நாளுக்கு 2,000 என்று தொடங்குகிறவர்கள் இரண்டாம் வாரம் ஒரு நாள் தவறவிட்டு, மூன்றாம் வாரம் கைவிடுகிறார்கள். எழுந்திருக்கும்போது வாக்கியத்தை முடிக்காமல் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும்.

சாண்ட்லரிடம் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் தாளைப் பாதியாக வெட்டி, ஒரு துண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரி மட்டும் தட்டச்சு செய்வார். ஒவ்வொரு துண்டிலும் உயிருள்ள ஏதோ ஒன்று இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தத் துண்டை மட்டும் திரும்ப எழுதினால் போதும். கணினியில் எழுதுகிறவர்களும் இதைச் செய்யலாம். பதினைந்து வரிக்கு ஒருமுறை நிறுத்தி, 'இதில் என்ன இருக்கிறது?' என்று பாருங்கள்.

நானும் நண்பரும் சேர்ந்து எழுத நினைக்கிறோம். சண்டை வருமா?
– வாசகர்கள் இருவர், விருதுநகர்

தமிழில் 'சுபா' என்ற பெயருக்குப் பின்னால் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இருவர். ஸ்வீடனில் சேர்ந்து வாழ்ந்த மாய் ஷோவால், பெர் வாலூ இருவரும் 1965 முதல் 1975 வரை பத்து நாவல் எழுதினார்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயம். கதைத் திட்டத்தைச் சேர்ந்து முழுதாகப் போட்டுவிட்டு, குழந்தைகள் தூங்கிய பிறகு இரவில் மாறி மாறி அத்தியாயம் எழுதினார்கள். திட்டம் எழுத்தில் இருக்கட்டும், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

வாரப் பத்திரிகைத் தொடருக்கும் ஒரே மூச்சில் வரும் மாத நாவலுக்கும் எழுதுவதில் என்ன வித்தியாசம்?
– வாசகி, புதுச்சேரி

தொடரில் அச்சானதைத் திருத்த முடியாது. ஆறாம் வாரத்தில் தேவைப்படும் துப்பை இரண்டாம் வாரத்தில் வைக்க மறந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முழுத் தொடரையும் முன்பே எழுதிவிடுவது பாதுகாப்பு. அது முடியாவிட்டால் முதல் நாலு வாரத்தில் பயன் முடிவாகாத சில விவரங்களைத் தூவி வையுங்கள்: பூட்டிய ஓர் அலமாரி, பழைய ரசீது, ஊருக்குப் போயிருக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர். எது உதவுமோ அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

வாரா வாரம் 'கதவு தட்டப்பட்டது' என்று முடிக்காதீர்கள். அடுத்த வாரம் கதவைத் திறந்தால் பால்காரர் நிற்பார். இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாவது முறை யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு புதுத் தகவலோடு முடியுங்கள். மாத நாவலில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பக்கம் குறைவு என்பதால் பாத்திரங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நிறையப் படிக்கிறேன், ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. எப்படிப் படிக்க வேண்டும்?
– வாசகர், காரைக்குடி

ஒரே நாவலை இரண்டு முறை. முதல் முறை வாசகராக, ஒரே நாளில் முடிந்தால் நல்லது. மறுநாளே பென்சிலோடு இரண்டாம் முறை. துப்பு இருக்கும் இடத்தில் ஓரத்தில் 'து', திசை திருப்பும் இடத்தில் 'தி', பாத்திரம் சொல்லும் பொய்க்கு 'பொ' என்று குறியுங்கள். பிறகு பக்க எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். முக்கியமான துப்பு நீங்கள் நினைத்ததைவிட எவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் எந்தச் சண்டை, எந்தச் சாவு, எந்த நகைச்சுவை உங்கள் கவனத்தைப் பறித்தது என்று தெரியும். பத்து நாவலை இப்படிப் படித்தால், மேலோட்டமாகப் படித்த நூறு நாவல் தராதது கிடைக்கும்.

அடுத்த படி சாண்ட்லர் செய்தது. இன்னொரு அமெரிக்கக் குற்றக் கதை எழுத்தாளரான எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் ஒரு நெடுங்கதையை எடுத்து விரிவான சுருக்கம் எழுதினார். அதை வைத்துத் தானே முழுக்கதையையும் எழுதினார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, எங்கே சறுக்கியது என்று பார்த்து மறுபடி எழுதினார். பயிற்சிக்காக மட்டும். அச்சுக்குக் கொடுக்கிற விஷயம் அன்று.

தமிழில் முதல் துப்பறியும் நிபுணர் யார்?
– வாசகி, சிவகாசி

1894-இலேயே நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணரை வைத்துக் கதைகள் வெளியிட்டிருக்கிறார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங், ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் என்று பெரிய வரிசை. அவற்றில் பல ஆங்கிலக் கதைகளைத் தழுவியவை. அப்படியும் தெரு, உணவு, குடும்பப் பேச்சு எல்லாவற்றையும் நம் ஊருக்கு மாற்றியிருக்கும் விதத்தைக் கவனித்துப் படியுங்கள்.

போகாத ஊரைப் பற்றி எழுதலாமா?
– வாசகர், தூத்துக்குடி

ஆங்கில எழுத்தாளர் எச்.ஆர்.எஃப். கீட்டிங் பம்பாய் இன்ஸ்பெக்டர் கோட்டே வரிசையை 1964-இல் தொடங்கினார். இந்தியாவுக்கு முதன்முதலாக வந்தது ஏறக்குறைய பத்து ஆண்டு கழித்து. வரைபடம், செய்தித்தாள், புத்தகங்களை வைத்தே எழுதினார். ஆகவே முடியும். ஆனால் உங்கள் புதிரே ஊரின் மேல் நிற்கிறது என்றால் நேரில் போக வேண்டும். ஜப்பானின் செய்ச்சோ மாட்சுமோட்டோ 1957-58-இல் எழுதிய தொடரில், டோக்கியோ ரயில் நிலையத்தின் 13-ஆவது நடைமேடையிலிருந்து 15-ஆவது நடைமேடையைப் பார்க்க முடிவது மாலையில் நாலே நிமிடம்தான், மற்ற நேரம் நடுவில் ஏதாவது ரயில் நிற்கும். கதை அந்த நாலு நிமிடத்தைச் சுற்றிச் சுழல்கிறது. ரயில், பஸ் நேரத்தைப் பயன்படுத்தினால் அந்த ஆண்டின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கதையிலும் ஆண்டைச் சொல்லிவிடுங்கள்.

ஒரே துப்பறிவாளரை வைத்து வரிசையாக எழுதுகிறேன். மூன்றாவது கதையில் அவர் மனைவியின் ஊர் மாறிவிட்டது!
– வாசகர், திண்டுக்கல்

ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனுக்கு 1887-இல் வந்த முதல் நாவலில் தோளில் குண்டுக் காயம். 1890-இல் வந்த இரண்டாவதில் காலில். இன்றும் பேசுகிறார்கள். ஒரு தனி நோட்டில் உங்கள் ஆளின் பிறந்த ஆண்டு, உறவுகள், வண்டி எண், காப்பியில் சர்க்கரை உண்டா, எந்தக் கண்ணுக்குக் கண்ணாடி என்று ஒவ்வொரு கதை முடிந்ததும் எழுதி வையுங்கள். வயதையும் யோசித்து வையுங்கள். தன் துப்பறிவாளர் பாய்ரோவை ஓய்வு பெற்ற போலீஸ்காரராகத் தொடங்கிய கிறிஸ்டி, அவரை ஐம்பது ஆண்டுக்கு மேல் நடத்த வேண்டியதாயிற்று. அது தவறு என்று பின்னாளில் அவரே எழுதினார்.

முடித்துவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பும் முன் யாரிடம் காட்டுவது? எல்லாரும் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள்.
– வாசகி, தேனி

நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஐந்து பேரைப் பிடியுங்கள். குற்றக் கதையே படிக்காத ஒருவர், வெறியோடு படிக்கிற ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். பிரதியை மூன்று கட்டாகக் கொடுங்கள்: மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி விளக்கத்துக்கு முன்வரை. ஒவ்வொரு கட்டின் முடிவிலும் ஒரு தாளில் இரண்டு கேள்விக்கு அவர்களே பதில் எழுத வேண்டும்: யார் மேல் சந்தேகம்? எதனால்? வாயால் சொல்லச் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றுவார்கள்.

முதல் கட்டிலேயே மூன்று பேர் சரியான ஆளைச் சொல்லி, காரணமும் சரியாகச் சொன்னால் துப்பு வெளியே தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் வேறு ஒரு சம்பவத்தைக் கொண்டுவாருங்கள். ஆள் சரி, காரணம் 'சும்மா தோணிச்சு' என்றால் அந்தப் பாத்திரத்தை நீங்கள் அளவுக்கு மேல் நல்லவனாகக் காட்டியிருக்கிறீர்கள். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் கஞ்சத்தனம் கொடுங்கள். மூன்றாம் கட்டிலும் ஐந்து பேரில் ஒருவர்கூட நெருங்கவில்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள், துப்பு போதவில்லை.

பிறகு கடைசி அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். படித்து முடித்ததும் அவர்கள் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அந்த ஸ்ரீரங்கத்துக் கதையில் யாராவது உடனே 12-ஆம் பக்கத்தைத் தேடித் திருப்பி, 'முதல் கால்' என்ற வரியில் விரலை வைத்தால், அந்தப் பக்கத்தில் இனி ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.